எந்தத் துறைக்குப் போவது? தேடிப் பார்த்து வேலையைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

பள்ளி முடிக்கப் போகிறவர்கள், கல்லூரியில் பாதியில் குழம்பி நிற்பவர்கள், சில வருடம் ஒரு வேலையில் இருந்துவிட்டு இது நமக்கு ஒத்துவரவில்லை என்று உணர்ந்தவர்கள் என்று பலருடன் உட்கார்ந்து இந்தத் தேடலைச் செய்து பார்த்திருக்கிறேன். எல்லோரும் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். வேலையின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அந்த வேலையில் காலை முதல் மாலை வரை உண்மையில் என்ன செய்வார்கள் என்பது படிப்பும் பணமும் செலவான பிறகுதான் தெரியவருகிறது.

அந்த அன்றாட வேலையை முடிந்தவரை சீக்கிரம், முடிந்தவரை குறைந்த செலவில் கண்ணால் பார்த்துவிட வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அதற்காகத்தான். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒரு மாலைப் பொழுதில் முடிகிற சோதனைகளை முன்னால் வைத்திருக்கிறேன், வாரக்கணக்கில் இழுப்பவை பின்னால் வருகின்றன. முதலிலேயே பெரிய சோதனைக்குப் போனால், இரண்டு மணி நேரத்தில் கழித்துக் கட்டியிருக்கக்கூடிய ஒரு துறைக்காக இரண்டு மாதம் போய்விடும்.

தொடங்கும் முன் தேவையானவை

ஒரு நோட்டு அல்லது எக்செல் தாள் வேண்டும். மனதிலேயே வைத்துக்கொண்டால் கடைசியாகக் கேட்ட கருத்துதான் ஜெயிக்கும். எழுதி வைத்தால் மூன்று வாரத்துக்கு முன் கேட்டதும் நேற்றுக் கேட்டதும் அருகருகே நிற்கும்.

ஓய்வு நேரத்தில் மட்டும் செய்வதாக இருந்தால் இரண்டிலிருந்து மூன்று மாதம் ஒதுக்குங்கள். முடிவெடுக்கும் தேதியை இன்றே குறித்துவிடுங்கள். தேதி இல்லாத தேடல் வருடக்கணக்கில் நீளும், தேடிக்கொண்டே இருப்பது முடிவெடுப்பதைத் தள்ளிப்போட ஒரு வசதியான சாக்காகவும் ஆகிவிடும்.

அப்புறம், வாரம் ஒருமுறை "எங்கே நிற்கிறாய்?" என்று கேட்க ஒரு ஆள். உங்கள் முடிவால் லாபமோ நஷ்டமோ அடையாத ஒருவராக இருந்தால் நல்லது.

1. முதலில் எல்லைகளை எழுதுங்கள்

பெரும்பாலானோர் "எனக்கு என்ன பிடிக்கும்?" என்ற கேள்வியில் தொடங்குகிறார்கள். அதற்கு முன் ஒரு பக்கத்தில் உங்கள் எல்லைகளை எழுதிவிடுங்கள். எத்தனை வருடம் சம்பளமில்லாமல் படிக்க முடியும்? வீட்டில் யாராவது உங்களை நம்பி இருக்கிறார்களா? ஊர் மாற முடியுமா, நாடு மாற முடியுமா? இரவுப் பணி முடியுமா? நீண்ட நேரம் நிற்பது, எடை தூக்குவது போன்றவற்றுக்கு உடல் ஒத்துழைக்குமா?

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "மாறாது" அல்லது "மாறலாம்" என்று குறியுங்கள். நிஜமான எல்லைகள் பலர் நினைப்பதைவிடக் குறைவு. "கணக்கு வராது" என்று எழுதுகிறவர்கள் பலருக்கு வராமல் போனது ஒரு குறிப்பிட்ட பாடத்திட்டம், ஒரு குறிப்பிட்ட வயதில். அதை "மாறலாம்" பக்கம் போடுங்கள். தங்கையின் படிப்பு முடியும்வரை மாதாமாதம் பணம் அனுப்பியாக வேண்டும் என்பது அந்தக் காலம்வரை மாறாது. அதை மறைத்துவிட்டுத் திட்டம் போட்டால் நடுவில் உடையும்.

2. உங்களைப் பற்றிய தடயங்களைத் திரட்டுங்கள்

"என் ஆர்வம் எது?" என்று நேரடியாகக் கேட்டால் மனது அழகான பதிலைச் சொல்லும். அதனால் நடந்தவற்றிலிருந்து தொடங்குங்கள். கடந்த இரண்டு மூன்று வருடங்களில், யாரும் சொல்லாமலே நீங்கள் நேரம் செலவழித்த பத்து விஷயங்களை எழுதுங்கள். அதில் நீங்கள் கையால், வாயால், மூளையால் செய்தது என்ன என்று வினைச்சொல்லாக எழுதுங்கள்.

உதாரணமாக "கிரிக்கெட் பிடிக்கும்" என்பது தடயம் ஆகாது. ஒருவர் விளையாடுகிறார். இன்னொருவர் அணியைத் திரட்டி, மைதானம் பிடித்து, வராதவரின் இடத்துக்கு ஆள் தேடுகிறார். மூன்றாமவர் யார் எத்தனை ரன் எடுத்தார் என்று தாளில் சேர்த்து, எந்தப் பந்துவீச்சில் யார் தடுமாறுகிறார் என்று கண்டுபிடிக்கிறார். மூன்று பேருக்கும் கிரிக்கெட் பிடிக்கும், ஆனால் மூவரும் போக வேண்டிய வேலைகள் வேறு வேறு.

அதோடு, மற்றவர்கள் உங்களிடம் எந்த உதவி கேட்டு வருகிறார்கள் என்பதையும் எழுதுங்கள். விண்ணப்பம் நிரப்பித் தரச் சொல்லியா, சண்டையைத் தீர்த்து வைக்கச் சொல்லியா, பழுதான கருவியைப் பார்க்கச் சொல்லியா? நமக்குச் சுலபமாக வருவதை நாம் திறமையாகவே கணக்கில் எடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கேள்விக்கான பதிலை நண்பர்களிடமே கேட்டு எழுதுவது நல்லது.

3. ஆர்வத் தேர்வு ஒன்று எழுதுங்கள், ஆனால் அளவோடு நம்புங்கள்

அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959-இல் முன்வைத்த கோட்பாடு ஒன்றுதான் இன்றைய பெரும்பாலான ஆர்வத் தேர்வுகளின் அடிப்படை. வேலை சார்ந்த ஆர்வங்களை ஆறாகப் பிரிக்கிறது: கைவேலை, ஆராய்ச்சி, கலை, பிறருக்கு உதவுவது, மற்றவர்களை வழிநடத்தி விற்பது, ஒழுங்குபடுத்திப் பதிவு செய்வது. யாரும் ஒரே வகை இல்லை. மேலே வரும் இரண்டு அல்லது மூன்றின் கலவையைத்தான் பார்க்க வேண்டும்.

அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஆதரவில் நடக்கும் ஓநெட் (O*NET) என்ற வேலைத் தகவல் தளத்தில் இந்த வகைத் தேர்வு இலவசமாகக் கிடைக்கிறது, சுருக்கமான வடிவத்தில் 60 கேள்விகள். பணம் கட்டி வேறு எங்கும் எழுத வேண்டிய தேவை இல்லை.

புதியவர்கள் இங்கே இரண்டு தவறு செய்கிறார்கள். முதலாவது, இது ஆர்வத்தை அளக்கிறது, திறமையை அளக்கவில்லை என்பதை மறப்பது. இரண்டாவது, பதினைந்து வயதில் வந்த முடிவை நிரந்தரமாக எடுத்துக்கொள்வது. பதின்ம வயதில் ஆர்வங்கள் ஆடிக்கொண்டேதான் இருக்கும், கல்லூரி வயதில்தான் ஓரளவு நிலைக்கின்றன. தேர்வு தரும் வேலைப் பட்டியலை விடை என்று நினைக்காமல், அடுத்த படிக்கான மூலப்பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

4. பட்டியலைப் பெரிதாக்குங்கள்

யாரிடமாவது தெரிந்த வேலைகளை எழுதச் சொன்னால் கொஞ்சம் எழுதியதும் பேனா நின்றுவிடும். மருத்துவர், பொறியாளர், ஆசிரியர், வழக்கறிஞர், அப்புறம் சொந்தக்காரர்கள் செய்கிற வேலைகள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் இஸ்கோ-08 வகைப்பாட்டில் 10 பெரும் பிரிவுகளின் கீழ் 436 தொழில் குழுக்கள் இருக்கின்றன, அதில் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் பல வேலைகள். தெரியாத வேலையைத் தேர்ந்தெடுக்க முடியாது. அதனால்தான் குறைக்கும் முன் பெருக்க வேண்டும்.

ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது உங்கள் கைக்கு வரும்வரை யார் யார் தொட்டிருப்பார்கள் என்று பின்னோக்கிப் போங்கள். ஒரு மாத்திரையை எடுத்துக்கொள்வோம். மூலக்கூறை உருவாக்கிய வேதியியலாளர், நச்சுத்தன்மையைச் சோதித்தவர், மனிதர்களிடம் நடக்கும் பரிசோதனையை ஒருங்கிணைத்தவர், அந்தத் தரவைக் கணக்கிட்ட உயிர்ப்புள்ளியியலாளர், அரசு அனுமதிக்கான ஆவணங்களைத் தயாரித்தவர், உள்ளே இருக்கும் துண்டுச் சீட்டை எழுதியவர், அட்டையை வடிவமைத்தவர், சரியான வெப்பநிலையில் லாரியில் ஏற்றி இறக்கியவர், சந்தைக்கு வந்த பிறகு பக்கவிளைவுப் புகார்களைத் தொகுத்துப் படிப்பவர். "மருத்துவத் துறை" என்றதும் டாக்டரும் நர்சும் மட்டும் நினைவுக்கு வந்த ஒருவருக்கு, ஒரு மாத்திரையிலிருந்தே ஒன்பது வேலைகள் கிடைத்துவிட்டன. நீங்கள் தினமும் பயன்படுத்தும் மூன்று நான்கு பொருள்களை வைத்து இப்படிச் செய்யுங்கள்.

இந்தக் கட்டத்தில் எதையும் அடிக்காதீர்கள். "இது நமக்கு வராது" என்ற தீர்ப்பு இப்போது வந்தால், அந்த வேலையின் பெயரைப் பற்றிய தீர்ப்பாகத்தான் இருக்கும்.

5. துறையையும் வேலையையும் பிரித்து எழுதுங்கள்

கணக்காளர் என்பது ஒரு வேலை. அதை மருத்துவமனையிலும் செய்யலாம், திரைப்பட நிறுவனத்திலும் செய்யலாம். விமானத் துறை என்பது ஒரு துறை. அதில் விமானி, பராமரிப்புப் பொறியாளர், பாதுகாப்பு ஆய்வாளர், கட்டண நிர்ணயம் செய்பவர் எல்லோரும் இருக்கிறார்கள்.

தாளில் இரண்டு பத்திகள் போட்டு, இடப்பக்கம் வேலைகளையும் வலப்பக்கம் துறைகளையும் எழுதி இணைத்துப் பாருங்கள். உங்களை இழுப்பது விமானங்களின் உலகமா, அல்லது விமானத்தை ஓட்டுவதா என்பது இங்கேதான் தெளியும். விமானி ஆக முடியாதவர் விமானத் துறையையே விட்டுவிட வேண்டியதில்லை. இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் ஒரு கதவு மூடியதும் கட்டடமே மூடிவிட்டதாக நினைத்து உடைந்துபோகிறார்கள்.

முடிவில், உங்களை இழுக்கிற எட்டிலிருந்து பத்து இணைகளை மட்டும் அடுத்த படிக்கு எடுத்துச் செல்லுங்கள்.

6. வேலை விளம்பரங்களைப் படியுங்கள்

வேலை தேடும் கட்டம் வந்த பிறகு படிக்க வேண்டியவை என்று பலர் இவற்றை ஒதுக்குகிறார்கள். ஆனால் இதைவிடச் சுலபமாகக் கிடைக்கும் சான்று வேறு இல்லை. ஒவ்வொரு இணைக்கும் வெவ்வேறு நிறுவனங்களின் விளம்பரங்கள் பத்தாவது படியுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது "பொறுப்புகள்" பகுதி. எல்லா விளம்பரங்களிலும் திரும்பத் திரும்ப வரும் வினைச்சொற்கள்தான் அந்த வேலை. "அறிக்கை தயாரித்தல்" ஏழெட்டு விளம்பரங்களில் வந்தால், நீங்கள் அறிக்கை எழுதிக்கொண்டுதான் இருக்கப் போகிறீர்கள், வேலையின் பெயர் எவ்வளவு சாகசமாக இருந்தாலும். அடுத்து "தகுதிகள்". எது கட்டாயம், எது இருந்தால் நல்லது என்று பிரித்து எழுதுங்கள். பலர் விரும்பத்தக்க தகுதிகளைக் கட்டாயம் என்று படித்துவிட்டு விலகிவிடுகிறார்கள்.

ஓநெட் தளத்தில் ஒவ்வொரு வேலைக்கும் பணிகள், கருவிகள், பணிச்சூழல், தேவையான பயிற்சி என்று தனித்தனியாகப் பட்டியல் இருக்கும். அமெரிக்கச் சூழலை வைத்து எழுதியது என்றாலும் பணிகளின் விவரம் எங்கும் பொருந்தும். சம்பளமும் வாய்ப்பும் பற்றிய தகவலை மட்டும் அதிலிருந்து எடுக்காதீர்கள், அதற்கு உங்கள் நாட்டின் தரவுதான் வேண்டும்.

7. நுழைவாயிலைப் பின்னாலிருந்து பாருங்கள்

கல்லூரியின் விளம்பரத்தில் தொடங்கினால் படிப்பு எங்கே கொண்டுபோய்விடும் என்று கல்லூரி சொல்வதை நம்ப வேண்டியிருக்கும். எதிர்ப்பக்கத்திலிருந்து வாருங்கள். அந்த வேலையைச் செய்ய உரிமம் தரும் அமைப்பு எது, அது எந்தப் படிப்பை ஏற்கிறது, எந்தத் தேர்வை எழுதச் சொல்கிறது என்று அந்த அமைப்பின் தளத்திலேயே படியுங்கள். மருத்துவம், செவிலியம், சட்டம், கட்டடக்கலை போன்றவற்றில் இது மிக முக்கியம். ஒரு நாட்டில் வாங்கிய பட்டம் இன்னொரு நாட்டில் தானாகவே செல்லுபடியாகும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் ஏராளம்.

உடல் தகுதியையும் இப்போதே பாருங்கள். வணிக விமானி உரிமத்துக்குப் பெரும்பாலான நாடுகளில் முதல் வகுப்பு மருத்துவச் சான்று தேவை, பயிற்சிப் பள்ளிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே அந்தப் பரிசோதனையைச் செய்துகொள்வதுதான் சரியான வரிசை. ரயில் ஓட்டுநர், கப்பல் செலுத்தும் அதிகாரி போன்ற வேலைகளில் நிறப்பார்வை பார்ப்பார்கள். ஜப்பானியக் கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட, வண்ணப் புள்ளிகளுக்குள் எண் தெரிகிற அந்தப் படங்கள் இன்றும் இதற்குப் பயன்படுகின்றன. சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாத பலருக்கு அப்படி ஒரு குறை இருப்பதே தெரியாது, ஏனென்றால் பிறந்ததிலிருந்தே உலகம் அவர்களுக்கு அப்படித்தான். பெண்களைவிட ஆண்களிடம் இது மிக அதிகம். சில நிமிடச் சோதனைதான். அதைக் கடைசி வருடத்துக்குத் தள்ளாதீர்கள்.

இந்தப் படி முடியும்போது பத்து இணைகள் ஐந்தாகக் குறைந்திருக்கும்.

8. அந்த வேலையில் இருப்பவர்களிடம் பேசுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். ஆனாலும் இதை எட்டாவதாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. விளம்பரங்களையும் உரிம விதிகளையும் படித்துவிட்டுப் போனால், தளத்தில் கிடைக்கும் தகவலைக் கேட்டு அவருடைய நேரத்தை வீணாக்காமல், அவர் மட்டுமே சொல்லக்கூடியதைக் கேட்பீர்கள். நீங்கள் தயாராக வந்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால் எதிரே இருப்பவரும் மனம்விட்டுப் பேசுவார்.

ஒவ்வொரு வேலைக்கும் குறைந்தது மூன்று வகை ஆட்கள் வேண்டும். சேர்ந்து ஓரிரு வருடம் ஆனவர், பத்து வருடத்துக்கு மேல் இருப்பவர், அந்த வேலையை விட்டு வெளியேறியவர். புதியவருக்குத்தான் நுழைவது எப்படி என்பது நினைவில் இருக்கும். அனுபவசாலி, அந்தப் பாதை எங்கே போய் முடிகிறது என்று காட்டுவார். வெளியேறியவர், உள்ளே இருப்பவர்கள் சொல்லத் தயங்குவதைச் சொல்வார். அவர் பேச்சில் கசப்பும் கலந்திருக்கலாம், அதனால் அவரை மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள். மேடையிலும் வீடியோக்களிலும் பேசுகிறவர்கள் அந்தத் துறையில் ஜெயித்தவர்கள் மட்டுமே என்பதையும் நினைவில் வையுங்கள்.

முன்பின் தெரியாதவருக்கு எழுதும்போது சுருக்கமாக எழுதுங்கள். கிட்டத்தட்ட இப்படி:

"வணக்கம். நான் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மருத்துவக் கதிரியக்க இயற்பியல் துறைக்கு வரலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் வேலையில் ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசை. 20 நிமிடம் பேச முடியுமா? வேலையோ சிபாரிசோ கேட்பதற்காக எழுதவில்லை. உங்களுக்கு வசதியான நேரத்தில் அழைக்கிறேன். இப்போது நேரமில்லை என்றாலும் பரவாயில்லை."

பலர் பதில் போட மாட்டார்கள். அதை மறுப்பாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு வாரம் கழித்து ஒருமுறை மட்டும் நினைவூட்டிவிட்டு அடுத்தவருக்கு எழுதுங்கள். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் மூலம் போனால் பதில் வர வாய்ப்பு அதிகம்.

கேட்கக் கூடாத கேள்வி: "இந்தத் துறையில் ஸ்கோப் இருக்கிறதா?" இதற்கு யாராலும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது, அவரவர் மனநிலைதான் பதிலாக வரும். அதற்குப் பதில் நடந்ததைக் கேளுங்கள். "நேற்று வேலையில் உட்கார்ந்ததிலிருந்து எழுந்தது வரை என்னென்ன செய்தீர்கள்?" "போன மாதம் உங்கள் நேரத்தை அதிகம் தின்றது எது?" "உங்களுடன் சேர்ந்தவர்களில் விட்டுப் போனவர்கள் எதனால் போனார்கள்?" "உங்களுக்கு மேலே இருப்பவரின் வேலையைச் செய்ய உங்களுக்கு விருப்பமா?" கடைசிக் கேள்வி முக்கியமானது, ஏனென்றால் ஐந்து வருடம் கழித்து நீங்கள் போய்ச் சேரும் இடம் அதுதான்.

இப்படி ஒரு உரையாடலின்போது உடன் இருந்திருக்கிறேன். நன்றாகப் படம் வரையும் ஒரு மாணவி, கட்டடக்கலைஞர் ஒருவரிடம் நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். அவர் யோசித்துச் சொன்னார்: காலையில் ஒரு மாடிப்படியின் வரைபடத்தை நான்காவது முறை திருத்தினேன், தீயணைப்பு விதிப்படி அகலம் போதவில்லை. அப்புறம் குழாய் போகும் இடத்தில் உத்தரம் வருகிறது என்று கட்டுமானப் பொறியாளருடன் ஒன்றரை மணி நேரம் பேச்சு. மதியம் கழிப்பறை ஓடுகளின் அளவு மாறியதால் கணக்கை மறுபடி போட்டேன். மாலையில் வாடிக்கையாளர் சமையலறையை இடம் மாற்றச் சொன்னார். "வரைந்தீர்களா?" என்று இவள் கேட்டதற்கு, கையால் வரைந்து பல நாள் ஆகிறது என்றார். அவள் முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் உத்தரமும் குழாயும் மோதிய விஷயத்தை எப்படித் தீர்த்தீர்கள் என்று அதையே துருவித் துருவிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வேலைக்கு அவள் பொருந்துவாள் என்பதற்கு, அவள் வரைந்த படங்களைவிட அந்தக் கேள்விகள் நல்ல சான்று.

பேசி முடித்த அன்றே குறிப்பெழுதிவிடுங்கள். அவர் என்ன சொன்னார் என்பதோடு, எந்த இடத்தில் உங்களுக்குக் கேள்விகள் தானாக வந்தன, எந்த இடத்தில் கவனம் சிதறியது என்பதையும் எழுதுங்கள். முடிந்தால் ஒரு நாள் உடனிருந்து பார்க்க அனுமதி கேளுங்கள்.

9. கை வைத்துப் பாருங்கள்

இப்போது கையில் மூன்று வேலைகள் இருந்தால் போதும். ஒவ்வொன்றின் மையமான பணியில் ஒரு சின்னத் துண்டை எடுத்து 10 முதல் 20 மணி நேரம் செய்து பாருங்கள். வேலையின் சுவையான பகுதியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். படி 6-இலும் 8-இலும் நேரத்தை அதிகம் தின்பதாகத் தெரிந்த பகுதி எதுவோ அதை எடுங்கள்.

தரவுப் பகுப்பாய்வு என்றால், அரசுத் தளங்களில் இலவசமாகக் கிடைக்கும் ஏதாவது ஒரு தரவுக் கோப்பை இறக்கிச் சுத்தம் செய்யுங்கள். ஒரே ஊரின் பெயர் மூன்று எழுத்துக்கூட்டலில் இருக்கும். தேதிப் பத்தியில் 03/04 என்று இருக்கும், அது மார்ச் 4-ஆ ஏப்ரல் 3-ஆ என்று கோப்பு முழுவதையும் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். அழகான வரைபடம் போடுவது கடைசியில் வரும் சிறு பகுதிதான்.

கணக்கியல் என்றால், ஒரு சிறு அமைப்பின் வரவு செலவை ஒரு மாதத்துக்கு எழுதிச் சரிபாருங்கள். இரண்டு பக்கமும் பொருந்தாமல் 63 வித்தியாசம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்பது கணக்காளர்களின் பழைய சூட்சுமம். 81 என்பதை 18 என்று எழுதியிருந்தால் சரியாக 63 வரும். அந்த ஒரு பதிவைத் தேடிப் பிடிக்கும்வரை உங்களால் எழுந்திருக்க முடியவில்லை என்றால் அது ஒரு செய்தி. "சின்ன வித்தியாசம்தானே, விட்டுவிடலாம்" என்று தோன்றினால் அதுவும் செய்திதான்.

மென்பொருள் என்றால் புதிதாக ஒன்றைக் கட்டுவதோடு, வேறு யாரோ எழுதிய நிரலில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திப் பாருங்கள். கற்பித்தல் என்றால் ஒரே பாடத்தை மூன்று வெவ்வேறு மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள், மூன்றாவது முறையும் உற்சாகம் இருக்கிறதா என்று பாருங்கள். வடிவமைப்பு என்றால் செய்ததை ஒருவரிடம் கொடுத்து மூன்று சுற்றுத் திருத்தம் வாங்குங்கள். முதியோர் பராமரிப்பு, செவிலியம், சமூகப்பணி போன்றவற்றை வீட்டிலிருந்து செய்து பார்க்க முடியாது, தன்னார்வலராகப் போக வேண்டும்.

குறித்துக்கொள்ள வேண்டியவை: அலுப்பான இடத்தில் என்ன செய்தீர்கள், யாரும் சொல்லாமல் மறுநாள் திரும்ப உட்கார்ந்தீர்களா, தவறு வந்தபோது அதைப் பற்றி ஆவல் வந்ததா எரிச்சல் மட்டும் வந்ததா.

இங்கே நடக்கும் தவறுகள் இரண்டு. ஆரம்பத் தடுமாற்றத்தைத் "திறமை இல்லை" என்று படிப்பது ஒன்று. முதல் சில மணி நேரம் எல்லோருக்கும் கஷ்டம்தான், அதனால்தான் பத்து மணி நேரமாவது என்று சொன்னேன். அடுத்தது, பயிற்சி வீடியோவைப் பார்த்துக்கொண்டே செய்ததில் வந்த மகிழ்ச்சியை வேலையின் மகிழ்ச்சி என்று நினைப்பது. வீடியோவில் சிக்கலை ஏற்கனவே வேறு ஒருவர் தேர்ந்தெடுத்துத் தீர்த்தும் வைத்திருக்கிறார். வீடியோவை மூடிவிட்டு, விடை தெரியாத ஒன்றை எடுத்துச் செய்வதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

இன்டர்ன்ஷிப் கிடைத்தால் போங்கள், ஆனால் அது இந்தச் சிறு சோதனைக்குப் பிறகு.

10. பணத்தையும் வருடங்களையும் கணக்கிடுங்கள்

சம்பளத் தகவலில் "சராசரி" என்று போட்டிருந்தால் கவனம். ஒன்பது பேர் மாதம் 10, ஒருவர் 110 வாங்கினால் சராசரி 20 என்று வரும், ஆனால் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட 20 வாங்கவில்லை. வரிசையில் நடுவில் நிற்பவர் வாங்கும் இடைநிலைச் சம்பளத்தைத் தேடுங்கள். அதுவும் ஆரம்பத்தில் எவ்வளவு, ஐந்தாவது வருடத்தில் எவ்வளவு என்று தனித்தனியாக. நடிப்பு, விளையாட்டு, இசை போன்ற துறைகளில் உச்சியில் இருப்பவர் வாங்குவதற்கும் நடுவில் இருப்பவர் வாங்குவதற்கும் இடைவெளி மிகப் பெரியது.

செலவுப் பக்கத்தில் கட்டணத்தோடு, படிக்கும் வருடங்களில் சம்பாதிக்காமல் விட்டதையும் சேருங்கள். பிறகு படி 1-இல் எழுதிய "மாறாது" பட்டியலை எடுத்து அருகில் வையுங்கள். ஒத்துவராத இடத்தில் பாதை வேறாக இருக்க முடியுமா என்று பாருங்கள்: முதலில் ஒரு டிப்ளமோ முடித்து வேலையில் சேர்ந்து பிறகு மேலே படிப்பது, மாலைநேரப் படிப்பு, உதவித்தொகை.

11. "இந்த வேலை இன்னும் இருக்குமா?"

எல்லோரும் இதை முதல் கேள்வியாகக் கேட்கிறார்கள். இவ்வளவு தள்ளி வைத்திருப்பதற்குக் காரணம், வேலையின் பணிகள் என்னென்ன என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்லவே முடியாது.

2013-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் இருவர், அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம் தானியங்கிமயமாகும் ஆபத்து அதிகம் உள்ளவை என்று மதிப்பிட்டார்கள். 2016-இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்புக்காக நடந்த ஆய்வு, 21 நாடுகளில் சராசரியாக 9 சதவீதம் என்றது. இவ்வளவு வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம், முதல் ஆய்வு வேலைகளை முழுசாக எடுத்துக்கொண்டது, இரண்டாவது ஒவ்வொரு வேலைக்குள்ளும் இருக்கும் பணிகளைப் பிரித்துப் பார்த்தது. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு எண்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன, ஆனால் பணிகளாகப் பிரித்துப் பார்க்கும் முறை இன்றும் உதவும்.

உங்கள் மூன்று வேலைகளின் பணிகளை எழுதி, எதை இன்றைய கருவிகளே செய்துவிடும், எதற்கு நேரில் ஒரு ஆள் வேண்டும், எதில் தவறு நடந்தால் பொறுப்பேற்க ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று குறியுங்கள். பிறகு படி 8-இல் பேசியவர்களில் புதியவருக்கு ஒரு செய்தி அனுப்பி, அவர் சேர்ந்தபோது செய்த ஆரம்பநிலைப் பணிகளை இப்போதும் புதியவர்களுக்குக் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். வேலை முழுசாக மறைவதைவிட, உள்ளே நுழையும் முதல் படிக்கட்டு மறைவதுதான் உங்களை முதலில் பாதிக்கும்.

12. ஒப்பிட்டு முடிவெடுங்கள்

மூன்று வேலைகளையும் ஒரே தாளில் வையுங்கள். மதிப்பெண் போட்டுக் கூட்டச் சொல்வார்கள். பெரும்பாலும் மனதில் ஏற்கனவே இருக்கும் விடை வரும்வரை எண்களைத் திருத்திக்கொண்டே இருப்பதைத்தான் பார்க்கிறேன். அதைவிட, ஒவ்வொரு வேலையின் மோசமான ஒரு வாரம் எப்படி இருக்கும் என்று, பேசியவர்கள் சொன்னதை வைத்து ஒரு பக்கம் எழுதுங்கள். மூன்று பக்கங்களையும் ஒன்றாகப் படியுங்கள். எல்லா வேலையிலும் நல்ல நாள்கள் நன்றாகத்தான் இருக்கும். எந்த வேலையின் கஷ்டத்தை உங்களால் தாங்க முடியும் என்பதுதான் ஒன்றை மற்றதிலிருந்து பிரிக்கும்.

இரண்டு சமமாக நின்றால், திரும்பி வரச் சுலபமான பாதையை முதலில் எடுங்கள். புள்ளியியல் படித்தவர் காப்பீடு, மருத்துவ ஆய்வு, சந்தை ஆய்வு என்று பல பக்கம் போகலாம். ஒரே ஒரு வேலைக்கு மட்டும் செல்லும் ஐந்து வருடப் படிப்பு என்றால் அதற்கு வலுவான சான்று கையில் இருக்க வேண்டும்.

வீட்டில் பேசும்போது "எனக்கு இது பிடித்திருக்கிறது" என்று மட்டும் சொன்னால் பேச்சு பிடிவாதத்தில் போய் முடியும். இந்தத் தாளை எடுத்துக் காட்டுங்கள். யாரிடம் பேசினீர்கள், என்ன செய்து பார்த்தீர்கள், இடைநிலைச் சம்பளம் எவ்வளவு, ஒத்துவராவிட்டால் எங்கே திரும்புவீர்கள் என்று சொல்லுங்கள். பெற்றோரின் பயம் பல நேரம் அந்தக் கடைசிக் கேள்வியைப் பற்றியதுதான், அதற்குப் பதில் இருந்தால் குரல் தணியும். நீங்கள் பேசிய அனுபவசாலி ஒருவரை அவர்களுடனும் பேச வைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

13. முதல் அடியும் மறுபரிசீலனைத் தேதியும்

முடிவெடுத்த வாரத்திலேயே திரும்பப் பெற முடியாத ஒரு சின்ன வேலையைச் செய்துவிடுங்கள்: விண்ணப்பம் அனுப்புவது, தேர்வுக்குப் பதிவு செய்வது. இல்லையென்றால் மறுபடி படி 4-க்குப் போய் உட்கார்ந்துவிடுவீர்கள்.

அதோடு, என்ன நடந்தால் இந்த முடிவை மாற்றுவேன் என்று இப்போதே எழுதித் தேதி போட்டு வையுங்கள். பிறகு எழுதினால், செலவழித்த வருடங்களைக் காப்பாற்றும் எண்ணம் உள்ளே புகுந்துவிடும்.

சேர்ந்து ஆறாவது மாதத்திலும் ஒரு வருடத்திலும் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். அதிருப்தி இருந்தால் அதை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். மேலாளர், வேலை நேரம், பயண தூரம், சம்பளம் என்று வந்தால் அது இடத்தின் குறை. அதே வேலையை வேறு நிறுவனத்தில் தேடுங்கள். எல்லாம் நன்றாக இருந்தும் அந்தப் பணிகளைத் தொடவே மனம் வரவில்லை என்றால் அது வேலையின் குறை. படி 7-இல் மிஞ்சிய ஐந்தில் மற்ற நான்கும் உங்கள் நோட்டில்தான் இருக்கின்றன. இப்போது அந்தத் துறையின் உள்ளே பழகிய ஆட்களும் உங்களுக்கு உண்டு. அவர்களில் யார் பக்கத்து வேலைக்கு மாறிப் போனார்கள் என்று விசாரிப்பதிலிருந்து தொடங்குங்கள்.